நிறப் பேச்சால் ஒடுங்கிப்போன மகளுக்கு எப்படி உதவுவது?

என் மகளுக்கு வயது 13. கடந்த ஓராண்டாக உறவினர்கள் அவளைச் சிவந்த நிறமுள்ள தங்கையோடு ஒப்பிட்டுப் பேசுவதால், புகைப்படம் எடுக்கும்போது பின்வரிசைக்கு நகர்ந்துவிடுகிறாள். வெயிலில் ஆடும் விளையாட்டுகளை விட்டுவிட்டாள். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று பாராட்டாக நினைத்துச் சொல்பவர்களும் எங்களைப் போன்ற மாநிறத்தவர்களே என்பதுதான் எனக்குப் பெரிதும் வலிக்கிறது.

மூன்று மாதங்களுக்கு முன், உட்பொருள்கள் அச்சிடப்படாத சிவப்பழகு கிரீம் ஒன்றை எங்களுக்குத் தெரியாமல் வாங்கித் தடவத் தொடங்கினாள். கன்னம் சிவந்து, தோல் மெலிந்து, மெல்லிய இரத்த நாளங்கள் வெளியே தெரிந்தன. நிறுத்தியதும் எரிச்சல் கூடியது. இத்தகைய கிரீம்களில் ஸ்டீராய்டும், சிறுநீரகத்தைப் பாதிக்கும் பாதரசமும் இருக்கக்கூடும் என்பதால் தோல் மருத்துவரிடம் காட்டிப் பரிசோதனைகளும் செய்தோம். தோல் தேறி வருகிறது, மனம் தேறவில்லை.

உறவினர்களிடம் நேரடியாகப் பேசினேன், சிரித்து மழுப்பினார்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் புற ஊதாக் கதிர்களிலிருந்து காக்கிறது என்று மகளிடம் விளக்கினால், "அம்மா என்பதால் சொல்கிறீர்கள்" என்கிறாள். பள்ளி ஆலோசகரோ வளர்ந்தால் சரியாகிவிடும் என்கிறார். ஆனால் 1940களில் அமெரிக்க உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் இணையர் நடத்திய பொம்மைச் சோதனையில், கறுப்பினக் குழந்தைகளிலேயே பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையை நல்லதென்று தேர்ந்தெடுத்ததைப் படித்த பிறகு, காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

உறவினர்களின் பேச்சை முழுவதுமாகத் தடுக்க முடியாத நிலையில், இந்த வயதுப் பிள்ளையின் தன்மதிப்பை மீட்க உங்கள் அனுபவத்தில் உண்மையாகவே பலன் தந்த ஆலோசனை முறை எது?