மாயவரம் குடும்பம் குழு: அப்பாவின் சதாபிஷேகத் தேதி

செல்வி: எல்லோரும் பாருங்கள். திருக்கடையூரில் மண்டபம் விசாரித்துவிட்டேன். அப்பா நட்சத்திரம் ஜூன் 28, ஞாயிறு. முன்பணம் இந்த வாரமே கேட்கிறார்கள்.

குமார்: நல்லது. பிடித்துவிடு.

மீனா: 🙏🙏

கார்த்தி: லீவு போட்டுவிடுகிறேன் அத்தை.

செல்வி: ரவி?

செல்வி: ரவி, படித்துவிட்டாய் என்று காட்டுகிறது.

ரவி: அக்கா, கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். நிலா இப்போது பத்தாவது. ஜூன் கடைசியில் அவள் கிளப்புக்குப் பெரிய லாக்ராஸ் டோர்னமென்ட், வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து எறிகிற ஆட்டம். இங்கே அமெரிக்காவில் டிவிஷன் ஒன், அதாவது விளையாட்டில் மேல்மட்டக் கல்லூரிகளின் கோச்சுகள், பதினொன்றாவது தொடங்கும் வருடம் செப்டம்பர் 1 வரைக்கும் பிள்ளைகளிடம் பேசக் கூடாது. போன் கிடையாது, மெசேஜ் கிடையாது. இவள் மெயில் அனுப்பலாம், அவர்கள் பதில் போடக் கூடாது. ஆனால் ஆட்டத்தை வந்து பார்க்கலாம். மைதானத்து ஓரமாக மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஜெர்சி நம்பரைக் குறித்துக்கொண்டு போவார்கள். பிடித்திருந்தால் செப்டம்பர் 1 நள்ளிரவு 12 மணிக்கே போன் வரும். 2017-இல்தான் இந்த விதி வந்தது. அதற்கு முன்னால் எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளிடமே வாய்ப்பேச்சாகப் பேசி முடித்துவிடுவார்கள். அதனால் இந்தக் கோடைதான்

குமார்: வருகிறாயா, இல்லையா?

மீனா: பெண் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்பார்களே, அதுதானே இது?

கார்த்தி: பஜ்ஜி சொஜ்ஜி உண்டா சித்தப்பா? 😂

லதா: பஜ்ஜிக்கும் நாங்கள்தான் காசு கொடுக்கிறோம்.

குமார்: சரி, செலக்ட் ஆனால் காலேஜ் இலவசமா?

ரவி: அது அவ்வளவு சுலபம் இல்லை அண்ணா. முன்பெல்லாம் ஒரு டீமுக்குப் பன்னிரண்டு ஸ்காலர்ஷிப் அளவுதான் பணம். அதை எல்லோருக்கும் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார்கள். 2025-இல் கோர்ட் வழக்கு சமரசமான பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு இல்லை. பதிலாக டீமில் 38 பேருக்கு மேல் கூடாது. ஹார்வர்ட், யேல் எல்லாம் ஐவி லீக், அங்கே விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே இல்லை. டிவிஷன் த்ரீயிலும் இல்லை. ஆனால் கோச் நமக்காகப் பேசினால் அட்மிஷனுக்கு உதவும்.

செல்வி: பணமும் இல்லை என்றால் எதற்குடா இவ்வளவு?

லதா: நானும் அதைத்தான் கேட்கிறேன் அண்ணி. போன கோடை முழுக்க டெலவேர், பென்சில்வேனியா என்று ஓட்டல் ஓட்டலாகப் போனோம். காரில் இன்னும் அந்த ஷூ நாற்றம் போகவில்லை.

ரவி: லதா, இதை இங்கே பேச வேண்டாம்.

குமார்: ஏன், பேசட்டுமே. கார்த்தி பத்தாவது படிக்கும்போது கிரிக்கெட் கிட்டை மூட்டை கட்டி மாடியில் போடச் சொன்னது யார்? "அண்ணா, விளையாட்டெல்லாம் நமக்குச் சோறு போடாது" என்று.

ரவி: அது வேறு அண்ணா.

குமார்: என்ன வேறு?

கார்த்தி: அப்பா, விடுங்கள். நான் ஆடியது பத்தாவது விக்கெட்டுக்கு.

மீனா: அண்டர் 16 கேம்புக்குக் கூப்பிட்டார்கள் தம்பி. அதையும் சொல்லுங்கள்.

கார்த்தி: பேச்சை மாற்றுகிறேன். லாக்ராஸ் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இருக்கிறது. பக்கத்துக்கு ஆறு பேர்.

மீனா: அப்படியா! நிலா போவாளா?

லதா: அக்கா, முதலில் அவள் அறையைப் பெருக்கட்டும்.

செல்வி: முகத்தில் அடி பட்டால் என்ன செய்வது? வீடியோவில் ஹெல்மெட்டே காணோமே.

ரவி: பையன்களுக்குத்தான் ஹெல்மெட் அக்கா. பெண்களுக்குக் கண்ணுக்குக் காகிள்ஸ், வாயில் மவுத்கார்டு. கோலிக்கு மட்டும் ஹெல்மெட். பெண்கள் ஆட்டத்தில் மேலே மோதி இடிக்கக் கூடாது, விதியே வேறு. டிரா என்று ஒன்று உண்டு, நடுவில் இரண்டு பேர் மட்டையைச் சேர்த்து வைத்து

குமார்: தேதி.

லதா: நான் சொல்கிறேன். தாத்தா விசேஷம் என்றதும் நிலா முதலில் வருகிறேன் என்றுதான் சொன்னாள். அப்புறம் டீம் குழுவில் யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டு மெசேஜ் வந்தது. அதிலிருந்து கராஜ் சுவரில் பந்தை அடித்துக்கொண்டே இருக்கிறாள். கேட்டால் பதில் இல்லை.

செல்வி: என் கிரகப்பிரவேசத்துக்கும் இப்படித்தான் கடைசியில் ஒரு காரணம் வந்தது.

ரவி: அது விசா ஸ்டாம்பிங் அக்கா!!

அப்பா: 🌹 இனிய காலை வணக்கம். வேலுண்டு வினையில்லை 🌹

அப்பா: எண்பது முடிந்து எட்டு மாதம் ஆனால்தான் ஆயிரம் பிறைக் கணக்கு. குருக்களைக் கேட்டீர்களா?

செல்வி: அப்பா! நீங்கள்தானே ஆனியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றீர்கள்?

அப்பா: நான் பொதுவாகச் சொன்னேன்.

கார்த்தி: ஆனியிலிருந்து எட்டு மாதம் என்றால் மாசி.

ரவி: மாசியா? மார்ச்சில் ஸ்கூல் சீசன் ஆரம்பித்துவிடும்...

குமார்: இவனுக்கு வருஷத்தில் எந்த மாதம்தான் காலி?

லதா: நவம்பர் 😄

மீனா: ஐப்பசி, கார்த்திகை. மாயவரத்தில் மழை கொட்டும்.

ரவி: ஒரு வாரம் டைம் கொடுங்கள். கோச்சிடம் கேட்கிறேன். முடியாவிட்டால் நான் மட்டுமாவது வருகிறேன்.

அப்பா: மண்டபம் ஏசியா?

செல்வி: ஏசிதான் அப்பா. மண்டபத்துக்காரர் மறுபடியும் போன் பண்ணுகிறார். என்ன சொல்லட்டும்?

குமார்: எடுக்காதே. நாளைக்குப் பேசலாம்.