மினிட் எந்த ஃபோல்டர்ல இருக்கு?

குழு: தோட்டக் (எஸ்டேட்) கோயில் நிர்வாகம், சுங்கை சிப்புட், மலேசியா
12.4.2025, சனிக்கிழமை இரவு

கவிதா (செயலாளர்): எல்லாருக்கும் வணக்கம். பழைய செயலாளர் ஐயா கொடுத்த லேப்டாப்ப இப்பதான் திறந்தேன். டெஸ்க்டாப் முழுக்க ஃபைலா இருக்கு. ஆண்டுக்கூட்ட மினிட் (கூட்டக் குறிப்பு) மட்டும் மூனு: "மினிட்", "மினிட் புதுசு", "மினிட் புதுசு கடைசி". எத அனுப்பணும்?

தலைவர்: கூட்டம் மார்ச் 16 நடந்துச்சு. 60 நாளைக்குள்ள ஆர்ஓஎஸ்ஸுக்கு, அதான் சங்கப் பதிவிலாகாவுக்கு, ஆண்டறிக்கை போயாகணும். மே 15 கடைசி. பார்த்து செய்யும்மா.

பொருளாளர் அண்ணன்: கடைசின்னு பேர் போட்டதுதானே கடைசி?

சாரதா டீச்சர்: பேர வச்சு சொல்ல முடியாதுண்ணே. கவிதா, விண்டோஸ் பட்டனையும் ஈ எழுத்தையும் சேர்த்து அழுத்து, ஃபைல் எக்ஸ்புளோரர் வரும். டெஸ்க்டாப்ப திறந்து, வியூவுல டீடெய்ல்ஸ் வை. "டேட் மாடிஃபைட்"னு மேல இருக்கும், அதத் தட்டு.

கவிதா (செயலாளர்): வந்துடுச்சு டீச்சர். "மினிட் புதுசு" மார்ச் 29. "கடைசி" மார்ச் 20தான்!

சாரதா டீச்சர்: அது கடைசியா சேவ் பண்ணுன தேதி. ஒரு எழுத்த மாத்தி சேவ் பண்ணுனாலும் அது மாறிடும். ரெண்டையும் திறந்து படிச்சுப் பாரு.

கவிதா (செயலாளர்): "புதுசு"ல கணக்கறிக்கைய முன்மொழிஞ்சவர், வழிமொழிஞ்சவர் பேரு இருக்கு. "கடைசி"ல அந்த இடம் காலி.

தலைவர்: அப்ப "புதுசு"தான். நான் கையெழுத்துப் போட்டது எங்க?

தினேஷ்: அத ஸ்கேன் பண்ணி ஐயாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்புனேன் தலைவரே. லேப்டாப்ல இறக்கியிருந்தா டவுன்லோட்ஸ்ல இருக்கும். அக்கா, அங்க "டைப்" தட்டுங்க, பிடிஎஃப் எல்லாம் ஒன்னா சேர்ந்துக்கும்.

கவிதா (செயலாளர்): கிடைச்சிருச்சு தம்பி 🙏

கவிதா (செயலாளர்): இன்னொன்னு. கரண்டு பில்லுக்கும் திருவிழா நோட்டீசுக்கும் நடுவுல, பேரே இல்லாம வெறும் நம்பரா ஒரு படம். திறந்தா, தோட்டம் கைமாறுனப்ப மேனேஜர் கோயில் நிலத்துக்குக் கொடுத்த கடிதம்!

தலைவர்: அம்மா அதுதான் நமக்கு உயிர். அசல் காகிதம் மங்கிப் போச்சு, கையெழுத்து சரியாவே தெரியல. அழிஞ்சிடப் போகுது, உடனே பத்திரப்படுத்து.

சாரதா டீச்சர்: கவிதா, முதல்ல டாக்குமென்ட்ஸ் உள்ள "கோயில்"னு ஒரு ஃபோல்டர் போடு. கண்ட்ரோல், ஷிஃப்ட், என் (N) எழுத்து மூனையும் சேர்த்து அழுத்துனா புது ஃபோல்டர் வரும். அதுக்குள்ள முதல் ஃபோல்டர் "நிரந்தரம்". நிலக் கடிதம், பதிவுச் சான்றிதழ், சங்க விதிமுறை மூனும் அங்க. இதுக்கெல்லாம் வருஷம் கிடையாது. 2025ல போட்டா 2031ல வர்ற செயலாளர் எங்க போய்த் தேடுவாரு?

பொருளாளர் அண்ணன்: மத்ததெல்லாம்? எனக்கு கணக்கு தனியா, திருவிழா தனியா இருந்தா நல்லது.

சாரதா டீச்சர்: வருஷத்த வெளிய வைப்போம்ண்ணே. ஆர்ஓஎஸ் கேட்கிறது வருஷவாரியா, ஆடிட் பண்றதும் வருஷவாரியா. 2023, 2024, 2025. ஒவ்வொன்னுக்குள்ளயும் கூட்டம், கணக்கு, திருவிழா, கடிதம். நாலு போதும். அதுக்குள்ள இன்னொன்னு, அதுக்குள்ள இன்னொன்னுன்னு போனா வச்சவங்களுக்கே தெரியாம போயிடும்.

கவிதா (செயலாளர்): ஃபைல் பேரு எப்படிப் போடுறது டீச்சர்?

சாரதா டீச்சர்: ஃபைல ஒரு தட்டு தட்டி எஃப்2 அழுத்து, பேர மாத்தலாம். "2025-03-16 ஆண்டுக்கூட்ட மினிட் கையெழுத்துடன்". வருஷம் முன்னாடி, அப்புறம் மாசம், அப்புறம் நாள். மாசம் ஒத்த எண்ணா இருந்தா 03ன்னு பூஜ்யம் சேர்த்துக்கோ. பேர் வரிசையில வச்சா தேதி வரிசையும் தானா வந்துடும். நாள முன்னாடி போட்டா 2023 ஜனவரியும் 2025 மார்ச்சும் கலந்துக்கும்.

பொருளாளர் அண்ணன்: என் லேப்டாப்ல 16/3/2025 போட்டுப் பார்த்தேன், ஏத்துக்க மாட்டேங்குது.

தினேஷ்: சாய்வுக்கோடு, கேள்விக்குறி, நட்சத்திரம், முக்காற்புள்ளி இதெல்லாம் விண்டோஸ் பேருல விடாதுண்ணே. சின்னக் கோடு போடுங்க. தமிழ் எழுத்து தாராளமா போடலாம்.

கவிதா (செயலாளர்): மத்த ரெண்டு மினிட்டயும் அழிச்சிடவா?

சாரதா டீச்சர்: வேணாம் தங்கச்சி. 2025ல "பழையது"னு ஒரு ஃபோல்டர் போட்டு அதுல தள்ளு. நகர்த்துறப்பவும் கட் பண்ணாத. காப்பி பண்ணி ஒட்டு, திறந்து பாரு, அப்புறம் பழைய இடத்துல இருக்கிறத அழி. லேப்டாப்ல அழிச்சது ரீசைக்கிள் பின்ல இருக்கும், திருப்பி எடுக்கலாம். பெண்டிரைவ்ல அழிச்சா அங்க வராது, போனது போனதுதான்.

தலைவர்: அந்த நிலக் கடிதம் ஒரு லேப்டாப்ப நம்பி இருக்கக்கூடாது.

தினேஷ்: பெண்டிரைவ்ல ஒன்னு, கூகுள் டிரைவ்ல ஒன்னு வைப்போம் தலைவரே. 15 ஜிபி இலவசம், நம்ம காகிதத்துக்கு அது ஏராளம். ஆனா கோயில் பேருல தனி ஜிமெயில் திறக்கணும். என் கணக்குலயோ அக்கா கணக்குலயோ வேணாம்.

தலைவர்: அதுதான் சரி. நாளைக்கு யார் பதவிக்கு வந்தாலும் கையில கிடைக்கணும். பாஸ்வேர்ட எழுதி உறையில போட்டு ஒட்டி, என்கிட்ட ஒன்னு, பொருளாளர்கிட்ட ஒன்னு.

பொருளாளர் அண்ணன்: சரி லா. 2023 ரசீது புத்தகம் இன்னும் வீட்லதான் இருக்கு. காலை பூசைக்கு வர்றப்ப கொண்டாறேன்.

தினேஷ்: கொண்டாங்கண்ணே, ஸ்கேன் பண்றப்பவே தேதியோட பேர் போட்டு 2023 கணக்குல வச்சிடுறேன்.

கவிதா (செயலாளர்): "நிரந்தரம்" போட்டாச்சு. நிலக் கடிதம் உள்ள போயிடுச்சு, திறந்தும் பார்த்துட்டேன். பதிவுச் சான்றிதழ் லேப்டாப்ல எங்கயும் இல்ல தலைவரே.

தலைவர்: ஆபீஸ் சுவத்துல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும்மா. நாளைக்குக் கழட்டி வைக்கிறேன், தம்பி ஸ்கேன் பண்ணட்டும்.