கொட்டகலையில் ஒரு ‘ை’ கூடிவிட்டது: செட் கட்டளையில் உதவி தேவை

கொழுந்துக்கூடை (ஹட்டன்):
எங்கள் தோட்டத்து வாசிகசாலைக்காகப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய பழங்கதைகள் 212 உரைக் கோப்புகளாக இருக்கின்றன. தட்டச்சு செய்தவர்கள் ஐந்து பேர். ஊர்ப்பெயரைச் சிலர் ‘கொட்டகல’ என்றும் சிலர் ‘கொட்டகலை’ என்றும் எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ‘கொட்டகலை’ ஆக்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். கிரெப் கோப்புகளைப் பொறுக்கித் தரும், செட் மாற்றும்:

எஸ்/கொட்டகல/கொட்டகலை/ஜி

இப்போது பல இடங்களில் ‘கொட்டகலைை’ என்று ஒரு புள்ளிவட்டத்தோடு நிற்கிறது. சில கோப்புகளிலோ ‘கொட்டகல’ மாறவேயில்லை. என் கண்ணுக்குத் தெரிகிறது, கிரெப் இல்லை என்கிறது. கணினியில் இருப்பது உபுண்டு லினக்ஸ். பிரதி எடுத்து வைக்கவில்லை. திட்டுவதானால் பிறகு திட்டுங்கள்.

பெட்டிக்கடை (பண்டாரவளை):
சரி தம்பி, பிறகே திட்டுகிறேன். யூனிகோடில் ‘லை’ என்பது ‘ல’ ஒன்று, அதன் பின்னால் ஐகாரக் குறி ஒன்று. ஆகவே சரியாக இருந்த ‘கொட்டகலை’க்குள்ளும் ‘கொட்டகல’ இருக்கிறது. அதை மாற்றியதும் பழைய குறி மிச்சமாக நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினால் இன்னொன்று சேரும். தேடும் பக்கத்தில் நட்சத்திரம் போடுங்கள்:

எஸ்/கொட்டகலை*/கொட்டகலை/ஜி

ஐகாரக் குறி இல்லாவிட்டாலும், நான்கு இருந்தாலும், ஒன்றாகிவிடும். கெட்டுப்போனவையும் இதிலேயே திருந்தும். முனையத்தின் மொழிச்சூழல், யூனிகோடை பைட்டுகளாக எழுதும் முறையான யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் நட்சத்திரம் முழுக் குறியை விட்டு அதன் கடைசி பைட்டை மட்டும் பிடிக்கும்.

கொழுந்துக்கூடை:
புள்ளிவட்டம் போய்விட்டது, நன்றி அண்ணா. ஆனால் 17 கோப்புகள் இன்னும் அசையவில்லை.

பனிமூட்டம் (நுவரெலியா):
அவை பாமினி என்ற பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியவையா?

கொழுந்துக்கூடை:
ஆமாம்! எப்படித் தெரியும்?

பனிமூட்டம்:
நானும் பட்டிருக்கிறேன். ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு (ெ) தனி, அரவு (ா) தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. கிரெப்புக்கும் செட்டுக்கும் அவை வேறு வேறு. முதலில் கொம்பும் அரவும் சேர்ந்து வரும் இடங்களை ஒகரக் குறியாக மாற்றுங்கள், ஓகாரத்துக்கும் அப்படியே. பைத்தான் நிரல்மொழி தெரிந்தால் என்எஃப்சி என்ற யூனிகோட் முறையில் இயல்பாக்குங்கள், இரண்டும் ஒன்றாக முடியும். செட்டில் செய்வதானால் ஆங்கில ‘ஐ’ (-i) கொடியோடு ‘.பாக்’ என்று ஒட்டி எழுதுங்கள். பழைய கோப்பு அந்தப் பின்னொட்டோடு பக்கத்திலேயே இருக்கும்.

கொழுந்துக்கூடை:
பதினேழும் மாறிவிட்டன. பிறகுதான் கவனித்தேன், நான்கு இடங்களில் ‘கொட்டகலவில்’ என்றிருந்தது ‘கொட்டகலைவில்’ ஆகியிருக்கிறது. அவற்றைக் கையாலேயே திருத்திவிட்டேன். அடுத்து ‘அட்டன்’, ‘ஹட்டன்’ காத்திருக்கின்றன. அதற்குப் பிரதி எடுத்தாயிற்று.