அப்பாவுக்கு ஸ்ட்ரோக்: திண்டுக்கல் பக்கம் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கிடைப்பாரா? இன்சூரன்ஸில் வருமா?

திண்டுக்கல்_செல்வி

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு (64 வயது) போன மாதம் ஸ்ட்ரோக் வந்து மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். இப்போது வீட்டில் இருக்கிறார். பிசியோ வருகிறார், கம்பு பிடித்து நடக்கிறார், அதில் குறையில்லை. வலது கைதான் பிரச்சினை. சோற்றைப் பிசைந்துவிடுகிறார், உருட்ட வரவில்லை. வாய்க்குப் போவதற்குள் பாதி தட்டில் விழுந்துவிடுகிறது. அம்மா ஊட்டப் போனால் தட்டைத் தள்ளிவிடுகிறார். வேட்டியும் யாராவது கட்டிவிட வேண்டியிருக்கிறது.

நரம்பு டாக்டர் ஆக்குபேஷனல் தெரபி (சாப்பிடுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) கொடுக்கச் சொன்னார். வாய்வார்த்தைதான், எழுதித் தரவில்லை. இங்கே விசாரித்தால் பிசியோ சென்டரைக் காட்டுகிறார்கள், இல்லையென்றால் ஆட்டிசம் குழந்தைகளுக்கான சென்டரை. என் ஆபீஸ் குரூப் பாலிசியில் அப்பாவும் இருக்கிறார், ஆஸ்பத்திரி பில் கேஷ்லெஸில் போய்விட்டது. தெரபி பற்றிக் கேட்டதற்கு கஸ்டமர் கேரில் "ஓபிடி (அட்மிட் ஆகாமல் பார்க்கும் சிகிச்சை) கவர் இல்லை மேடம்" என்று வைத்துவிட்டார்கள். அவ்வளவுதானா?

கிளெய்ம்_மேசை

அவ்வளவுதான் இல்லை மேடம். நான் ஒரு டிபிஏவில் (இன்சூரன்ஸ் கம்பெனிக்காக கிளெய்ம்களைக் கையாளும் நிறுவனம்) கிளெய்ம் பார்க்கிறேன். நீங்கள் ஓபிடி என்று கேட்டீர்கள், அவர்கள் ஓபிடிக்குப் பதில் சொன்னார்கள். கேட்க வேண்டியது 'டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு'. பெரும்பாலான பாலிசிகளில் அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் செலவு, அதே நோய்க்கானது என்றால் உண்டு. சிலவற்றில் 90 நாள், அதற்கு மேலும் இருக்கும். ஆனால் கேஷ்லெஸ் கிடையாது, கையிலிருந்து கட்டி ரீஇம்பர்ஸ்மென்ட் வாங்க வேண்டும்.

முதலில் ஹெச்ஆரிடம் முழு பாலிசி வாசகத்தைக் கேளுங்கள். உங்களிடம் இருப்பது இ-கார்டு மட்டும்தான் என்று நினைக்கிறேன், எல்லோரிடமும் அதுதான் இருக்கும். தெரபிக்குத் தனி உச்சவரம்பு போட்டிருக்கிறதா, விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று அதில் பாருங்கள்.

அடுத்தது டாக்டர் கடிதம். கிளெய்ம் பெரும்பாலும் விழுவது இங்கேதான். வாயால் சொன்னது எங்களுக்குக் கணக்கில்லை. நோயின் பெயர், வலது கை பலவீனம், அதற்கு ஆக்குபேஷனல் தெரபி, வாரத்துக்கு எத்தனை முறை, எவ்வளவு காலம் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி, தெரபி தொடங்கும் முன் உள்ள தேதியோடு வாங்குங்கள். பில்லில் ஒவ்வொரு நாளும் தனியாக இருக்க வேண்டும். ஆக்குபேஷனல் தெரபியை 'ஓ.டி. சார்ஜ்' என்று சுருக்கிப் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஆபரேஷன் தியேட்டர் என்று நினைத்துக் கேள்வி போடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்!

கோவை_தெரபிஸ்ட்

செல்வி, நான் இந்தத் துறையில்தான் இருக்கிறேன். பிசியோவில் கொஞ்சம் கை பயிற்சி தெரிந்தவர் 'ஓ.டி.யும் பண்றோம்' என்று போர்டு வைப்பது நிறைய நடக்கிறது. பி.ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி இளநிலைப் பட்டம்) படித்தவரா என்று நேராகக் கேளுங்கள். இன்டர்ன்ஷிப்போடு சேர்ந்த முழுநேரப் படிப்பு. அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சங்கத்தில் உறுப்பினர் எண் இருக்கிறதா என்றும் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கூகுளில் தேடினால் குழந்தைகள் சென்டர்தான் முதலில் வரும். ஒரு குறுக்குவழி உண்டு. இந்தப் படிப்பு நடத்தும் கல்லூரிகளைக் கூப்பிட்டு, உங்கள் ஊர்ப் பக்கம் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் யார் என்று கேளுங்கள். காட்டாங்குளத்தூர் எஸ்ஆர்எம், கோவை கேஎம்சிஹெச், வேலூர் சிஎம்சி மூன்றிலும் படிப்பு இருக்கிறது. குழந்தைகள் சென்டரில் இருப்பவரும் படிப்பில் ஸ்ட்ரோக் படித்தவர்தான். மாலையில் பெரியவர்களைப் பார்ப்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அதுவரை வீட்டில் செய்ய ஒன்று. சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது நல்ல கையை முதலில். அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது, தோள் கெட்டுவிடும். அப்புறம், ஆளாளுக்கு ஸ்பாஞ்ச் பந்து வாங்கிக் கொடுப்பார்கள். விரல்கள் ஏற்கெனவே இறுகி மடங்குகிறது என்றால் தெரபிஸ்ட் பார்க்காமல் அதை அமுக்க விடாதீர்கள். மடக்குவது தானாக நடக்கிறது, விரிப்பதுதானே வரவில்லை? சாப்பாட்டுக்கு, ஸ்பூன் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுங்கள். ஸ்பூனைப் பார்த்து அப்பா முறைப்பார், தயிர்சாதத்தில் ஆரம்பியுங்கள்.

மலைக்கோட்டை_ராஜா

தனியாரையே சுற்றாதீர்கள் அக்கா. பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மறுவாழ்வு மருத்துவத் துறை இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். சென்னையில் கே.கே. நகரில் இதற்கென்றே அரசு நிலையம் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே பிசியோ வருவார்கள், பிசியோ செலவாவது மிச்சமாகும். ஆனால் கைக்கு அது மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள், என் மாமாவுக்கு அப்படித்தான் விட்டுவிட்டார்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால்தான். ஆபீஸ் பாலிசி இருக்கும் உங்களுக்கு அது பொருந்தாது என்று நினைக்கிறேன்.

திண்டுக்கல்_செல்வி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஹெச்ஆர் பாலிசி அனுப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள், தெரபிக்கு விலக்கு இல்லை. டாக்டரிடம் கடிதமும் வாங்கியாயிற்று. கல்லூரி மூலம் மதுரையில் ஒருவர் கிடைத்தார், வாரம் ஒரு நாள் நேரில், மற்ற நாள் வீடியோவில் பார்க்கிறேன் என்கிறார். முதல் நாளே அப்பாவிடம் வேட்டியை உட்கார்ந்துகொண்டு கட்டச் சொன்னார். முடிச்சு நிற்கவில்லை, ஆனால் யாரையும் கூப்பிடாமல் மறுபடி மறுபடி செய்துகொண்டிருந்தார்.

வீடியோ செஷனுக்கு பில் கொடுத்தால் ஏற்பார்களா?

கிளெய்ம்_மேசை

அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இப்போதே டிபிஏவுக்கு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள், போனில் வேண்டாம். டாக்டர் கடிதத்தில் 'நேரிலும் காணொளி வழியாகவும்' என்று ஒரு வரி சேர்க்க முடிந்தால் நல்லது. 60 நாள் முடிந்ததும் எத்தனை நாளுக்குள் பில் சமர்ப்பிக்க வேண்டும் என்பதும் பாலிசியில் இருக்கும், அதைக் குறித்து வையுங்கள்.

மறுத்தால் முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. கம்பெனி மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். மறுப்புக் கடிதத்தில் எந்தப் பிரிவின்படி என்று குறிப்பிடச் சொல்லிக் கேளுங்கள், அது இல்லாமல் விடாதீர்கள்.