தீப்பிடித்த கிடங்கின் எஃகு உத்திரங்களை மீண்டும் பயன்படுத்தலாமா?

கேள்வி: கிடங்குக்காரர்

எங்கள் உறவினரின் அட்டைப்பெட்டிக் கிடங்கில் சென்ற மாதம் தீப்பிடித்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் எரிந்தது. உள்ளே பரண் போல அமைத்திருந்த மேல்தளத்தை ஐஎஸ்எம்பி 300 உத்திரங்கள் (300 மி.மீ. உயரமுள்ள ‘ஐ’ வடிவ எஃகு உத்திரங்கள்), ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம், தாங்கியிருந்தன. அவற்றில் நடுவில் இருந்த இரண்டு ஒரு சாண் அளவுக்குத் தொய்ந்துவிட்டன. மற்றவற்றில் பெயிண்ட் கருகியிருக்கிறதே தவிர, நூல் பிடித்துப் பார்த்தால் நேராகவே இருக்கின்றன. இரும்பு உருக 1500 டிகிரி வேண்டும் என்பதால் தொய்ந்த இரண்டை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் ஃபேப்ரிகேட்டர். நெருப்பில் பட்ட இரும்பு செத்த இரும்பு, எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடுங்கள் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

மறுமொழி: வடிவமைப்பாளர்

ஃபேப்ரிகேட்டரின் முடிவு ஓரளவு சரியாக இருக்கலாம், ஆனால் அவர் சொன்ன காரணம் தவறு. கட்டடம் விழுவதற்கு எஃகு உருக வேண்டியதில்லை. ஐரோப்பிய விதித்தொகுப்பின்படி சாதாரணக் கட்டுமான எஃகின் ஈல்டு வலிமை (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு) 500 டிகிரியில் 78 விழுக்காடாகவும், 600-இல் 47 விழுக்காடாகவும், 700-இல் 23 விழுக்காடாகவும் குறைந்துவிடுகிறது. விறைப்பைக் காட்டும் யங் குணகம் இன்னும் முன்னதாகவே, 100 டிகிரியைத் தாண்டியதும் இறங்கத் தொடங்கி, 600 டிகிரியில் 31 விழுக்காட்டுக்கு வந்துவிடும். இதனால் வலிமை மிச்சம் இருக்கும்போதே உத்திரம் தொய்யத் தொடங்கிவிடுகிறது. அதோடு 400 டிகிரிக்கு மேல், சுமை கூடாமலேயே நேரம் செல்லச் செல்ல நீண்டுகொண்டு போகும் ‘க்ரீப்’ என்ற குணமும் சேர்ந்துகொள்ளும்.

பலரும் மறந்துவிடுவது விரிவை. 6 மீட்டர் உத்திரம் 600 டிகிரிக்குச் சூடேறினால் 4 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். இரு முனைகளையும் அசையவிடாமல் இறுக்கிப் பிடித்திருந்தால், வெறும் 100 டிகிரி ஏற்றமே சதுர மில்லிமீட்டருக்கு 240 நியூட்டன் அமுக்கத் தகைவை உண்டாக்கிவிடும், அதாவது ஈ250 என்ற சாதாரணக் கட்டுமான எஃகின் ஈல்டு வலிமையான 250-ஐ ஏறத்தாழ எட்டிவிடும். உங்கள் நடு உத்திரங்கள் வளைந்ததில் சுமைக்கு மட்டுமல்ல, இதற்கும் பங்கு இருக்கும்.

மறுமொழி: சோதனைக்கூடத்தான்

“செத்த இரும்பு” என்பதையும் நான் ஏற்க மாட்டேன். சூடாக உருட்டித் தயாரித்த சாதாரண எஃகு, ஏறத்தாழ 600 டிகிரிவரை சூடேறி மெதுவாக ஆறினால், இழந்த வலிமையில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றுவிடும். அதற்கு மேல் சென்றிருந்தால் கொஞ்சம் நிரந்தர இழப்பு இருக்கலாம். ஆனால் அவ்வளவு சூட்டில் சுமையோடு இருந்த உத்திரம் பெரும்பாலும் நேராக நின்றிருக்காது. ஆகவே நேராக நிற்பதே நல்ல சாட்சி, ஆனால் அது ஒன்றே போதாது.

கிடங்கைக் கழுவிவிடுவதற்கு முன் தரையைப் பாருங்கள். துத்தநாகம் 419 டிகிரியிலும் அலுமினியம் 660 டிகிரியிலும் உருகும். ஓர் உத்திரத்தின் அருகே அலுமினியச் சட்டம் உருகிச் சொட்டி உறைந்திருக்கிறதா, அல்லது முனை மழுங்காமல் நிற்கிறதா என்பதே அந்த இடத்தின் சூட்டைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். (காற்றின் சூடும் எஃகின் சூடும் ஒன்றல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.) பிறகு ஒவ்வொரு உத்திரத்திலும் கடினத்தன்மைச் சோதனை செய்து, சந்தேகமான ஒன்றிரண்டில் மாதிரித் துண்டு வெட்டி இழுவிசைச் சோதனைக்கு அனுப்புங்கள்.

போல்ட் விஷயத்தில் மட்டும் இரக்கம் காட்டாதீர்கள். 8.8 தர (உயர்வலிமை) போல்ட்டுக்கு வலிமை வந்ததே, சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து, பின் 425 டிகிரிக்குக் குறையாமல் மீண்டும் பதப்படுத்தியதால்தான். தீயில் அந்தப் பதத்தைத் தாண்டிச் சூடேறினால் வலிமை நிரந்தரமாகக் குறையும், ஆறினாலும் திரும்பாது.

கேள்வி கேட்டவர்: கிடங்குக்காரர்

இன்று போய்ப் பார்த்தேன். தொய்ந்த உத்திரங்களுக்குக் கீழே, ஜன்னல் சட்டம் இருந்த இடத்தில் உள்ளங்கை அளவு அலுமினியக் கட்டி தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. இரண்டு உத்திரம் தள்ளியுள்ள ஜன்னலில் சட்டம் அப்படியே இருக்கிறது, கண்ணாடிதான் விரிசல் விட்டிருக்கிறது. எல்லாரும் 550 டிகிரியே எல்லை என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

மறுமொழி: வடிவமைப்பாளர்

அது எஃகின் இயற்கை எல்லை அல்ல. முழுச் சுமைக்கு வடிவமைத்த உத்திரம் ஏறத்தாழ அந்தச் சூட்டில் தாங்காமல் போகும் என்ற பழைய கணக்கு. எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 800:2007 சுமையையும் சேர்த்துப் பார்க்கிறது. தீயின்போது உத்திரத்தின் மேல் இருக்கும் சுமையை, குளிர்ந்த நிலையில் அது தாங்கக்கூடிய சுமையால் வகுத்து, அந்த விகிதத்தை 690-ஆல் பெருக்கி, 905-இலிருந்து கழித்தால் எல்லை வெப்பநிலை கிடைக்கும். விகிதம் 0.6 என்றால் 491 டிகிரி, 0.3 என்றால் 698 டிகிரி. உங்கள் பரணில் நடுப்பகுதியில்தான் சரக்கு அதிகமாக அடுக்கப்பட்டிருந்தது என்றால், அந்த இரண்டு மட்டும் தொய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கட்டட அமைப்பும் முக்கியம். 1990-களின் நடுவில் இங்கிலாந்தின் கார்டிங்டனில் எட்டு மாடி எஃகுக் கட்டடத்துக்கே தீ வைத்துச் சோதித்தபோது, காப்புப் பூச்சு இல்லாத சில உத்திரங்கள் 1000 டிகிரியைக் கடந்தும் தளம் விழவில்லை. கான்கிரீட் தளம் விரித்த துணிபோல இழுவிசையில் சுமையைத் தாங்கிக்கொண்டது. மாறாக 2007 ஏப்ரல் 29 அன்று அமெரிக்காவின் ஓக்லாண்டில், டேங்கர் லாரி எரிந்த தீயில் மேலே இருந்த மேம்பாலப் பகுதி அரை மணி நேரத்துக்குள் சரிந்தது. உங்கள் பரணில் பலகைத் தளம் என்றால் கார்டிங்டனை நினைத்து ஆறுதல் கொள்ள வேண்டாம்.

மறுமொழி: சோதனைக்கூடத்தான்

ஒரு சேர்க்கை. ஆறும்போது உத்திரம் சுருங்கி இணைப்புகளை இழுக்கும். தீயைத் தாங்கிய இணைப்பு, தீ அணைந்த பிறகு அறுந்ததும் உண்டு. அதனால் நேரான உத்திரங்களின் முனைத் தகடுகளிலும் வெல்டிங் ஓரங்களிலும் சாயம் ஊடுருவும் சோதனை செய்து விரிசல் தேடுங்கள். போல்ட்டுகளை மாற்றும்போது அடியில் ஜாக்கி முட்டுக் கொடுத்துவிட்டு, ஒன்றைக் கழற்றிப் புதியதை மாட்டி இறுக்கிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.