காப்பீட்டு அட்டையும் குழந்தைகளுக்கான சிறப்பு மருத்துவரும்: உங்கள் அனுபவம் என்ன?

ஆம்பூர் வாசகி:
என் கணவர் ஷூ கம்பெனியில் வேலை செய்வதால் எங்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு. மகனுக்கு வலிப்பு வந்ததும், குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டச் சொல்லி டிஸ்பென்சரியில் கடிதம் கொடுத்தார்கள். தனியார் மருத்துவமனை ஒன்றின் பதிவு மேசையில் இருந்தவர், பிள்ளையை ஏறெடுத்துப் பார்க்கும் முன்பே “எந்த இன்சூரன்ஸ்?” என்றார். இ.எஸ்.ஐ. என்றதும் அடுத்த மாதத்தில் ஒரு தேதி சொன்னார். பணம் கட்டினால் எப்போது என்று என் கணவர் கேட்டதற்கு, கணினியைக்கூடப் பார்க்காமல் “நாளைக் காலை” என்றார். இரண்டுக்கும் மருத்துவர் ஒருவரேதான். நகையை அடகு வைத்துக் காட்டினோம்.

குடியாத்தம் தகப்பன்:
சகோதரி, சிறப்பு மருத்துவர்கள் குறைவு என்பதால்தான் தேதி தள்ளிப்போகிறது. அட்டையின் மீது பழி போடுவது சரியன்று. அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழுதான் என் மகளின் இதயக் கோளாறைக் கண்டுபிடித்து அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு அனுப்பியது. எங்களிடம் இருந்தது முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. அறுவை சிகிச்சை முடிந்து, வட்டிக்கு வாங்கி மடியில் கட்டியிருந்த பணத்தை நான் நீட்டியபோது, கவுண்டரில் இருந்தவர் அதைத் தொடவே மறுத்துவிட்டார்.

காட்பாடி வாசகர்:
குடியாத்தம் ஐயா சொல்வதை ஏற்க இயலவில்லை. பற்றாக்குறை எல்லாருக்கும் பொதுவென்றால், பணம் கட்டுபவருக்கு மட்டும் நாளைக் காலை எங்கிருந்து வருகிறது? உங்களுக்குக் கிடைத்தது மருத்துவமனையில் சேர்த்த பிறகான சிகிச்சை. சகோதரி கேட்டது அதற்கு முந்தைய வெளிநோயாளர் நேரம். அமெரிக்காவில் சிகாகோவை உள்ளடக்கிய குக் கவுன்ட்டி மாவட்டத்தில், ஒரே நோயைச் சொல்லி ஒரே கிளினிக்கை இருமுறை தொலைபேசியில் அழைத்து, குழந்தையின் காப்பீட்டை மட்டும் மாற்றிச் சொல்லிப் பார்த்த ஆய்வு 2011-இல் வெளியானது. அரசுக் காப்பீடு என்று சொன்ன அழைப்புகளில் 66 விழுக்காட்டுக்கு நேரம் மறுக்கப்பட்டது. தனியார் காப்பீடு என்றபோது மறுப்பு 11 விழுக்காடுதான். இரண்டையும் ஏற்ற கிளினிக்குகளிலும் அரசுக் காப்பீட்டுக் குழந்தைக்கு, தனியார் காப்பீட்டுக் குழந்தையைவிடச் சராசரியாக 22 நாள் தள்ளியே நேரம் கிடைத்தது. எங்களுடையது தனியார் பாலிசி. மகனுக்கு நேரம் உடனே கிடைத்தது, ஆனால் பேச்சுப் பயிற்சி வெளிநோயாளர் செலவு என்று பாலிசியில் ஒரு பைசா வரவில்லை. சகோதரிக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மாதச் சம்பளம் இ.எஸ்.ஐ. எல்லையான ரூ.21,000-ஐத் தாண்டினாலும் இ.எஸ்.ஐ. உடனே நின்றுவிடாது, நடப்பு ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடியும் செப்டம்பர் அல்லது மார்ச் வரை தொடரும். ஆகவே சம்பளம் உயர்ந்தால் அஞ்ச வேண்டாம். சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆம்பூர் வாசகி:
நன்றி ஐயா. சம்பளம் அந்த எல்லைக்கு அருகில்கூட வரவில்லை. மகனின் அடுத்த இ.இ.ஜி. (மூளை மின்னலை) பரிசோதனைக்கு எங்கே போனால் விரைவில் நேரம் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.