உரத்தொட்டி நாறுகிறதா? ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள்

சிங்கப்பூரின் நான்கு வட்டாரங்களில் சமூகத் தோட்டக்காரர்கள் சொல்வது:

ஈசூன்:
சமூகத் தோட்டத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ‘தொட்டி ஏன் நாறுகிறது?’ என்பதுதான். பழைய குறிப்புகளில் ‘அவ்வப்போது தண்ணீர் தெளிக்கவும்’ என்றிருக்கும். சிங்கப்பூரில் அந்த வரியை அடித்துவிடுங்கள். பழத்தோலும் கீரைத்தண்டும் பெரும்பாலும் தண்ணீர்தான். போதாததற்கு இந்த ஊர் மழை வேறு. ஒரு வாளி சமையலறைக் கழிவுக்கு மூன்று வாளி சருகு. நவம்பரிலிருந்து ஜனவரிவரை நான்கு வாளிகூடப் போடலாம்.

120 லிட்டர் தொட்டியென்றால் அடியில் அரைச் சாண் உயரத்துக்குச் சுள்ளி, பக்கங்களில் அரை சென்டிமீட்டர் துளைகள். துளை பெரிதானால் சுண்டெலி வரும். வடிநீர் மண்ணில் இறங்கும்படி செங்கல்மேல் தூக்கி வையுங்கள். அடியில் தட்டு வைத்தால் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும்.

பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வரலாம். ஒழுகினால் ஈரம் அதிகம். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் மட்டும் தண்ணீர் தெளியுங்கள்.

தெம்பனிஸ்:
நாற்றம் எது என்றும் பார்க்கவேண்டும். அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே காற்றில்லை. முழுதும் கொட்டிக் கிளறி, கிழித்த அட்டைப்பெட்டியைக் கலக்கவேண்டும். மூக்கில் ஏறும் அம்மோனியா வந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) கூடிவிட்டது, சருகு சேர்த்தாலே போதும்.

இங்கேதான் காப்பிக்கடைச் சக்கை ஏமாற்றும். பழுப்பு நிறத்தைப் பார்த்துச் சருகுக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது சமையலறைக் கழிவைப்போல் தழைச்சத்து மிகுந்த ‘பச்சைக் கழிவு’. கரிமத்துக்கும் (கார்பன்) தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் சுமார் 20:1தான். கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் களிபோல் இறுகிவிடும்.

அங் மோ கியோ:
தெம்பனிஸ் அண்ணன் சொன்ன அட்டையில் பளபளப்பான பூச்சுள்ளது வேண்டாம். பூஜை மாலையென்றால் நூல், ஜிகினா இரண்டையும் உருவிவிடுங்கள். பொங்கலுக்குப் பிறகு வாழையிலை குவியும். முழுசாகப் போட்டால் பாய் விரித்ததுபோல் படிந்து மூடிக்கொள்ளும், நாலு விரல் அகலத்துக்கு நறுக்குங்கள். தூங்குமூஞ்சி மரத்தின் இலை சின்னது, நறுக்க வேலையே இல்லை. குழம்பு சோறு, எண்ணெய், மீன்முள் கூடவே கூடாது. எலி வந்தால் அடுக்குமாடி புளோக்கே நம்மேல் பாயும்.

தட்டையான பழுப்புப் புழு நெளிந்தால் மருந்தடிக்காதீர்கள். பிளாக் சோல்ஜர் ஈயின் புழு அது, கடிக்காது. புதுக் கழிவை மேலே கொட்டி மூடாமல் விட்டிருப்பார்கள். மூன்று விரற்கடை சருகு போட்டு மூடுங்கள்.

ஜூரோங்:
வகுப்பெடுக்கிறவர்களுக்கு: விகிதத்தைப் பலகையில் எழுதுவதைவிட, காய்ந்தது, சரியானது, சொதசொதவென்றிருப்பது என்று மூன்று வாளி வைத்துக் கண்ணை மூடிப் பிழியச் சொல்லுங்கள். கையுறை கட்டாயம், ஈர மண்ணில் மெலியாய்டோசிஸ் என்ற கடும் தொற்றுநோயின் கிருமி இருக்கலாம், கையில் வெட்டுக்காயம் இருப்பவர் தொடவேண்டாம்.

இன்னொன்று, சின்னத் தொட்டியில் சூடு நிற்காது. விதை முற்றிய களையும் நோய் கண்ட கத்தரிச்செடியும் அப்படியே தப்பிப் பிழைத்துவிடும், சேர்க்காதீர்கள். மூன்று, நான்கு மாதத்தில் மண்வாசனை வந்ததும் பாத்தியில் கொட்ட அவசரப்படாமல், பாதி உரம் பாதி மண் கலந்து பத்துப் பாசிப்பயறு ஊன்றுங்கள். பக்கத்தில் வெறும் மண்ணிலும் பத்து. உரத்தில் முளை குறைந்தால் அது இன்னும் முதிரவில்லை, மேலும் மூன்று வாரம் விடுங்கள்.